ஒரு விரல் கொக்கி

கொக்கியார் முட்டிபோட்டு உட்கார்ந்து, சுண்டுவிரல் நுனியில் நீல மசியைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு கொக்கியின் முகத்திலும் மெல்லிசாகத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு இரும்புத் துண்டுகள் எந்த இடத்தில் உரசுகின்றன என்று பார்க்கப் பட்டறையில் ஃபிட்டர்கள் செய்கிற வேலை அது. ஒன்றில் மசியைத் தடவி, மற்றொன்றோடு சேர்த்துவைத்து எடுத்தால் பட்ட இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். யாரையும் விசாரிக்க வேண்டாம். அவரைச் சுற்றி ஆளைவிட உயரமான ரேக்குகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பீரோவில் இழுப்பறைகள் இருப்பதுபோல சர்வர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகியிருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் சின்னச் சின்ன விசிறிகள் ஓயாமல் இரைந்தன. அந்த அறையில் ரகசியம் பேசவேண்டுமென்றால்கூடக் கத்தித்தான் பேசவேண்டும். குளிர் வேறு எலும்பு வரைக்கும் போனது. ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள் என்று மனைவி சொன்னபோது கேட்டிருக்கலாம்.

அவருக்கும் வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. இத்தனை வருடமாக அவர் வடிவமைத்ததெல்லாம் ஒரே ஒரு சமாசாரம்: சர்வர் தன் இடத்தைவிட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர் என்பதால் உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவருக்குப் பக்கத்து நாற்காலியைத் தவிர்த்துவிடுவார்கள். பழைய கொக்கிகளைத் திறக்க இரண்டு கையும் வேண்டும், நகம் வேறு பெயரும். இவர் கொண்டுவந்த புதுக் கொக்கியை ஒரு விரலால் லேசாக உள்ளே அழுத்தினால் போதும். ‘டக்’ என்று விட்டுவிடும், சர்வர் தன் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ‘ஒரு விரல் போதும்’ என்று கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டார்கள். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கைகொடுத்தார். முதலில் செய்த மாதிரியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். தையல் வேலை பார்க்கிற மனைவி, துணி வெட்டும்போது ஓரம் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கொக்கியின் மேல்தான் புகார். இந்த சர்வர் அறையின் மூன்றாவது வரிசையில் அது தானாகத் திறந்துகொள்கிறதாம். யாரும் தொடாமலே சர்வர் வெளியே வருகிறது, பின்னாலிருக்கும் ஒயர் இழுபடுகிறது, எங்கேயோ இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு வேலை நின்றுபோகிறது. முதலில் பேய் என்றார்கள். அப்புறம் அறைப் பொறுப்பாளர் ஷிஃப்டுகளைப் பார்த்துவிட்டு, பேய்க்கு ஒரு உருவம் கொடுத்துவிட்டார்.

“எல்லாம் ஒல்லி ஷிஃப்டுலதான் சார் நடக்குது. நல்ல பொண்ணுதான். கொஞ்ச நாளா கவனம் எங்கேயோ இருக்கு.”

ஒல்லி என்பவள் அந்த அறையில் வேலை செய்யும் டெக்னீஷியன்களில் ஒருத்தி. சேர்ந்த நாளில் காற்றடித்தால் பறந்துவிடுவாள்போல இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கைவேகம் உள்ளவள். கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்றிப் புதிதை மாட்டுவதற்கு மற்றவர்கள் எடுக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது அவளுக்கு. கொக்கியார் மசி தடவி முடித்துவிட்டு வரிசையின் கோடியில் போய் ஏதோ எழுதுகிறவர்போல நின்றுகொண்டார். அவள் வந்தாள். மேல்தட்டு சர்வர் ஒன்றில் வேலை. மற்றவர்களாக இருந்தால் மூலையில் கிடக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியிருப்பார்கள். இவள் ஸ்டூலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிகாலை உயர்த்தி, ரேக்கோடு ரேக்காக ஒட்டி நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டி வேலையை முடித்தாள். முடித்துவிட்டு ஓரடி பின்னால் வந்தாள்.

டக்.

இடுப்பளவில் இருந்த சர்வர் ஒன்று சாவதானமாக வெளியே நகர்ந்து வந்தது. அவள் பாய்ந்து இரண்டு கையாலும் அதைத் தடுத்து நிறுத்தினாள். பழக்கப்பட்ட தடுப்பு அது. எத்தனையோ முறை இப்படித் தடுத்திருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டுத் திரும்பியவளின் சட்டையில், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலச் சதுரம் பதிந்திருந்தது.

கொக்கியாருக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கை பட்டிருக்கும், முழங்கை பட்டிருக்கும், அடையாள அட்டையின் நாடா மாட்டியிருக்கும் என்று எத்தனையோ யோசித்து வைத்திருந்தார். வயிறு அவர் கணக்கிலேயே இல்லை. கிட்டத்தட்ட ஓடிப்போய் அவள் எதிரில் நின்றார். அவள் குனிந்து நீலத்தைப் பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துப்போனது.

“கறைதானே, போயிடும்மா,” என்று விசிறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். “எங்க வீட்டுல கேட்டுச் சொல்றேன், எதுல அலசணும்னு.”

“சார், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்.”

ஒரு சட்டைக் கறைக்கு இவ்வளவு பயப்படுகிறாளே, பாவம், என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மனைவி தையல் மெஷின் முன்னால், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, யாருடைய பாவாடைக்கோ பட்டி மடித்துக்கொண்டிருந்தாள். கொக்கியார் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதையை ஆரம்பித்தார். கொக்கியின் உயரம், ரேக்கின் உயரம், அவள் நின்ற இடம், அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும், எல்லாவற்றையும் சொன்னார். மனைவி வழக்கம்போல ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

“ஒல்லின்னுதானே சொன்னீங்க. ஒல்லிக்கு ஏது வயிறு?”

“அதான் எனக்கும் ஆச்சரியம்.”

“சட்டை எப்படி இருந்துச்சு?”

“தொளதொளன்னு. வேற யாரோட யூனிஃபார்மையோ மாட்டிக்கிட்ட மாதிரி.”

“ஸ்டூல் ஏறல.”

“ஏறல. சொன்னேனே.”

அவள் ஊசிப் பஞ்சைத் தள்ளிவைத்தாள். “உங்களுக்கு எல்லாமே மில்லிமீட்டர்லதான் புரியும். அந்தப் பொண்ணு முழுகாம இருக்கா.”

கொக்கியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நான் அப்படி இருந்தப்பவும் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தானே தெரியும்,” என்றாள் மனைவி. மறுபடியும் மெஷினை ஓடவிட்டாள்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. காலையில் துள்ளிய சந்தோஷத்தை நினைக்க வெட்கமாக இருந்தது. சர்வர் ஒன்றும் லேசான சாமான் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது. அது வழுக்கிக்கொண்டு வந்து நின்ற உயரம் எது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த உயரத்தைத் தீர்மானித்ததே அவர் வரைந்த படம்தான். அதை அவ்வளவு சுலபமாகத் திறக்கும்படி செய்ததும் அவர்தான்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கேன்டீன் மூலையில் அவளைப் பார்த்தார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மேசையில் இருந்த சர்க்கரைத் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவளே கேட்டாள்.

“தெரிஞ்சிடுச்சா சார்?”

“எனக்குத் தெரியலம்மா. எங்க வீட்டுல தெரிஞ்சிடுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். இந்த மாசக் கடைசியில் சிலரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள். அறைக்குள் வேலை செய்கிறவர்களை மட்டும்தான். இவளுக்கு முன்னால் இருந்த ஒரு அக்கா, மாசமாக இருக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கே வரவேற்பு மேசைக்கு மாற்றப்பட்டாள்.

“திட்டல சார். ரொம்ப அன்பா, உக்காந்துக்கோம்மா, ரெஸ்ட் எடுத்துக்கோன்னுதான் சொன்னாங்க. குழந்தை பொறந்து வந்தப்புறம் திரும்ப உள்ள விடவே இல்ல. இன்னும் அங்கதான் உக்காந்திருக்கு அந்த அக்கா. வர்றவங்களுக்கு அட்டை எழுதிக் குடுத்துக்கிட்டு.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“விட்டுடுங்கறார். அவர் நல்லவர்தான் சார். அவருக்கு அந்த ரூம் வெறும் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். எதாவது ஒண்ணு சரியில்லன்னா, சத்தத்துலயே எனக்குத் தெரியும்.” கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். “ஏணி, ஸ்டூல் எல்லாம் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஏறல. பாரம் தூக்கறது இல்ல, பசங்ககிட்ட விட்டுடறேன். மத்தபடி நடமாடலாம், நிக்கலாம்னாங்க.”

“அந்த சர்வர் வந்து இடிச்சா என்னம்மா பண்ணுவே?”

“இடிக்காத மாதிரி பண்ணுங்க சார். அது உங்க வேலைதானே.”

அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. இருந்தும் கொக்கியாருக்குச் சுருக்கென்றது. அவர் எழுந்து நேராகக் கம்பெனிப் பட்டறைக்குப் போனார். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் ஒவ்வொரு கொக்கியைச் சுற்றியும் ஒரு வளையத்தைப் பசைபோட்டு ஒட்டினார். இனிமேல் வளையத்துக்குள் விரல் போகும், வயிறு போகாது. பார்க்க அசிங்கமாக இருந்தது. கேட்டவர்களிடம் சோதனை என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பசை நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் விட்டுவிடும். தவிரவும் கூட்டம் ஒன்று இருந்தது. மேலாளர் கூட்டிய கூட்டம். அறைப் பொறுப்பாளரையும் வரவழைத்திருந்தார். அதற்கு முந்தின மாலை கொக்கியார் தன் மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சுலபமான வழி ஒன்று அவர் எதிரிலேயே இருந்தது. கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொக்கி பிழைத்துவிடும், விளம்பரம் பிழைத்துவிடும், ஓய்வு பெறும்வரை அந்தக் கைகுலுக்கலை நினைத்துக்கொண்டு இருக்கலாம். பெண் போய்விடுவாள். உண்மைக் காரணத்தை முழுசாகச் சொன்னாலும் பெண் போய்விடுவாள், அதுவும் அன்பாக. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். அந்தப் பெண் இந்த நிலையில் வேலை செய்வது சரியா, நான் மறைப்பது சரியா, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டார்.

“நீங்க அவளுக்கு டாக்டரும் இல்ல, அப்பாவும் இல்ல,” என்றாள் மனைவி. “கொக்கியைச் சரிபண்ணுங்க.” பிறகு, பழக்க தோஷத்தில், அளவு நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, “பேன்ட்டை இன்னும் கொஞ்சம் பிரிக்கணும்,” என்றாள். கொக்கியார் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அதை அவர் அப்படி யோசனையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

கூட்டத்தில் அறைப் பொறுப்பாளர் உற்சாகமாக இருந்தார். “இப்ப கொஞ்ச நாளா பிரச்சினையே இல்ல சார். ஒல்லியைக் கூப்பிட்டு நல்லாக் கண்டிச்சேன். அதுலேருந்து ஒண்ணுகூடத் திறக்கல.” மேலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்படியென்றால் கவனக்குறைவுதான் காரணம், முடிவு எடுத்துவிடலாம், அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றார்.

கொக்கியார் எழுந்தார். கூட்ட அறையின் மூலையில், வருகிற வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரி ரேக் நின்றது. அதன்முன் போய் நின்று, மேல்தட்டில் ஏதோ எடுப்பவர்போல இரண்டு கையையும் தூக்கினார். ஆள் கொஞ்சம் குள்ளம். கால்விரல் நுனியில் எக்கவேண்டியிருந்தது. தொப்பையை ரேக்கில் சாய்த்தார். பின்னால் வந்தார்.

டக்.

சர்வர் வழுக்கிக்கொண்டு வந்து அவர் வயிற்றிலேயே முட்டி நின்றது. நல்ல அடி. ஒரு நிமிஷம் மூச்சு வரவில்லை அவருக்கு. மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

“உங்க தொப்பைக்காக நாம டிசைனை மாத்தணுமா?”

“என் தொப்பை மட்டும் இல்ல சார். மெத்துன்னு எது சாஞ்சாலும் திறக்கும். அழுத்தினா விட்டுடுங்கறதுதான் அதுக்கு நான் சொல்லிக்குடுத்த பாடம். அழுத்தறது விரலா வேற ஏதாவதான்னு பாக்க அதுக்குத் தெரியாது. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. என் கொக்கி மேல.”

சிரிப்பு அடங்கியது. அறைப் பொறுப்பாளர் மேசைக்கடியில் தன் வயிற்றை ரகசியமாக உள்ளே இழுத்துக்கொண்டார். அவரும் சின்ன ஆள் இல்லை. “எனக்கும் ஒரு தரம் அப்படி ஆச்சு,” என்று முணுமுணுத்தார். “பேய்னு நெனச்சேன்.” பிறகு நெற்றியைச் சுருக்கினார். “அப்ப ஏன் சார் ஒல்லி ஷிஃப்டுல மட்டும் அடிக்கடி?”

“மத்தவங்க ஸ்டூல் போட்டு ஏறிடறாங்க. அவங்க ஏறாம எட்டி வேலை செய்யறாங்க. சாஞ்சுதானே ஆகணும்.”

“ஏன் ஏற மாட்டேங்கறா?”

கொக்கியார் இன்னும் வலித்துக்கொண்டிருந்த வயிற்றைத் தடவிக்கொண்டார். “அதை நான் அளக்கல சார்,” என்றார்.

பொறுப்பாளர் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்ததாகத் தோன்றியது. அதற்குமேல் கேட்கவில்லை. விளம்பரத்திலிருந்து ‘ஒரு விரல் போதும்’ எடுக்கப்பட்டது. மேலாளர் அதன்பிறகு நடைபாதையில் எதிர்ப்பட்டால் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

புதுக் கொக்கிக்கு அவர் வேறு எதிலும் கண்ணையோ மனதையோ விடாமல் உழைத்தார். ரேக்கில் சாய்கிற எதுவானாலும், முழங்கையோ தோளோ வயிறோ, அதற்குத் தள்ளத்தான் தெரியும். தற்செயலாக யாரும் எதையும் தூக்கி இழுப்பதில்லை. ஆகவே இதை உள்ளே எவ்வளவு தள்ளினாலும் இன்னும் இறுகும்படி செய்தார். திறக்க வேண்டுமானால் குழிக்குள் விரலைவிட்டு மேலே தூக்கி, அப்புறம் தன்பக்கம் இழுக்கவேண்டும். வேண்டுமென்று செய்தால்தான் நடக்கும். நாடா மாட்டினால் திறக்கிறதா என்று அடையாள அட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தார். மனைவியின் பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து பார்த்தார். பட்டறை ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அழகில் பழையதற்குக் கால்தூசி பெறாது. ‘டக்’ என்கிற அந்தச் சத்தமும் இதில் இல்லை. கரகரவென்று ஏதோ முனகியது.

மாசக் கடைசி இன்னும் வரவில்லை. புதுக் கொக்கிகளை மூன்றாவது வரிசையில் மாட்டிய அன்று அறைப் பொறுப்பாளரும் வந்து நின்றார். சும்மா வேடிக்கை பார்க்க என்றார். டெக்னீஷியன்கள் ஒவ்வொருவராக வந்து முழங்கையால் இடித்தார்கள், தோளால் மோதினார்கள், ஒருவன் முதுகைத் தேய்த்துக்கூடப் பார்த்தான். எதுவும் அசையவில்லை.

“ஒல்லி, நீ வாம்மா,” என்றார் பொறுப்பாளர்.

அவள் கொக்கியாரைப் பார்த்தாள். செய்தது தப்பாக இருந்துவிடக்கூடாதே என்று கொக்கியாருக்கு மனசு அடித்துக்கொண்டது. தன்னையறியாமல் ஒரு கையை அந்த சர்வருக்கு முன்னால் நீட்டித் தயாராக வைத்துக்கொண்டார். “கைய எடுங்க சார்,” என்றாள் அவள். எடுத்தார். குதிகாலை உயர்த்தி, இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டி, வழக்கம்போல ரேக்கோடு ஒட்டிச் சாய்ந்தாள். பயமில்லாமல் முழுசாகச் சாய்ந்தாள். மேல்தட்டிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவினாள், திரும்பச் செருகினாள், பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தாள். பின்னால் வந்தாள். வரிசை முழுதும் அப்படியே இருந்தது. விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

“சரி, போதும். நல்லாயிருக்கு,” என்று பொறுப்பாளர் கத்தினார். மற்றவர்கள் கலையத் தொடங்கினார்கள்.

அவள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். ஏதோ கேட்கிறவள்போலத் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வலது கை மெல்ல இறங்கி வந்து வயிற்றின்மேல் படிந்தது. கொக்கியார் பதறிப்போய் ஓரடி முன்னால் வைத்தார்.

“என்னம்மா, இடிச்சிடுச்சா?” என்றார் பொறுப்பாளர்.

“இல்ல சார்.”

“பின்ன?”

“உள்ளேருந்து,” என்றாள். அவ்வளவு இரைச்சலில் அது பொறுப்பாளரின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் பார்வை அவள் கைக்கு வந்து நின்றது. அந்தத் தொளதொளச் சட்டை அவள் உள்ளங்கைக்குக் கீழே வழவழவென்று ஒட்டி, உருண்டையாக ஒரு மேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், கொக்கியாரைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. இன்னொரு தரம் வருமா என்று காத்துக்கொண்டு, அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.